இருபத்துமூன்று ஃப்ளாப்பிகள்

அந்தத் தகர பிஸ்கட் டப்பாவில் இருபத்துமூன்று ஃப்ளாப்பிகள் இருந்தன. நிற்க வைத்து, ஒன்றோடொன்று உரசாமல் நடுநடுவே அட்டைத் துண்டு செருகி, நகைக்கடைக்காரர் பெட்டி அடுக்குவதைப்போல அவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை லேபிள் ஒட்டியிருந்தது. ஒரு லேபிளிலும் ஒரு எழுத்துகூட இல்லை. அப்படித்தான் நான் நினைத்தேன். இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள், இன்னும் கண்ணாடிகூடப் போடாதவள், பட்டப்பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அப்படி நினைத்தேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு சின்ன சர்வீஸ் கடை நடத்துகிறோம். லேப்டாப், செல்போன் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் பழைய பெட்டிகள் என்னிடம் வரும். ரைஸ் மில் எடைமேடையில் ஓடும் கம்ப்யூட்டர், எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் கொடுக்கும் கம்ப்யூட்டர், இப்படிப் புதிதாக மாற்ற முடியாமல் எங்கேயோ ஒரு மூலையில் உழைத்துக்கொண்டிருப்பவை இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு இப்போதைய இயங்குதளம் எதுவும் ஏறாது. இரண்டே ஃப்ளாப்பிக்குள் அடங்கிவிடுகிற, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் காட்டுகிற டாஸ் வகை ஒன்றைத்தான் ஏற்றுவேன். இலவசமாகக் கிடைக்கிறது, சொன்ன வேலையைச் செய்கிறது, அதிகம் கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு டிசம்பர் மழை மத்தியானத்தில் கடை போன் அடித்தது.

"கம்ப்யூட்டர் கடைங்களாம்மா? உங்ககிட்ட ஃப்ளாப்பி டிரைவ் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

எதிர்முனையில் ஒரு பெரிய மூச்சு. "நாலு நாளா போன் போட்டுக்கினே இருக்கேம்மா. பாதிப் பேரு ஃப்ளாப்பின்னா என்னான்னு கேக்குறாங்க. ஒருத்தரு பென் டிரைவ் தரவான்றாரு. நீங்க ஓடுதுன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு இப்பதான் சோறு எறங்கும்."

சிதம்பரத்தில் ஓமக்குளம் பக்கம், பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிற டீச்சர் அவர். அவருக்கும் பார்வை கிடையாது. ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது என்று பிறகு சொன்னார். மறுநாள் காலை நான் பஸ்ஸில் போய் இறங்கியபோது, பள்ளி வாசலில் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண் குச்சி இல்லாமல் விறுவிறுவென்று நடந்துவந்து, எனக்கு இரண்டடி முன்னால் சரியாக நின்று, "பையி கனமா இருக்குதா? ஒரு கைப்பிடிய நான் புடிக்கிறேன்" என்றார். பையைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒரு காலு அழுத்தி வெக்கிறீங்க, ஒரு காலு லேசா வெக்கிறீங்க" என்று சிரித்தார். பெரிய சிரிப்பு. வராந்தாவின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும்.

கம்ப்யூட்டர் அறையில் அவர் காட்டிய பெட்டி, நான் தொழில் பழகிய நாளிலேயே பழசாகிப்போயிருந்த வகை. சிடி டிரைவ் கிடையாது, யுஎஸ்பி துளை கிடையாது, முகப்பில் ஒரே ஒரு ஃப்ளாப்பி வாய் மட்டும். அதன் பக்கத்தில் இரண்டு துணைக்கருவிகள். ஒன்று, கையடக்கமான பேசும் பெட்டி. திரையில் வரும் எழுத்தை வெள்ளைக்காரர் உச்சரிப்பில் வாசித்துக் காட்டும். பிள்ளைகள் அதற்கு 'தொரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னொன்று, தையல் மெஷின் அளவில் இருந்த பிரெய்ல் பிரிண்டர். கெட்டித் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தை மேடாக்கித் தரும். அது ஓடும்போது கட்டடமே இடிபடுகிற சத்தம் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்வார்களாம். நன்கொடையாக வந்த புது லேப்டாப் ஒன்றும் மேசையில் இருந்தது. ஆனால் இந்தப் பிரிண்டரை அதில் மாட்டினால் அச்சாவது வெறும் குப்பை. தமிழில் தட்டச்சு செய்ததைத் தமிழ் பிரெய்லாக மாற்றி இந்தப் பிரிண்டருக்குச் சொல்லும் புரோகிராம், அந்தப் பழைய பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெட்டியின் ஹார்ட் டிஸ்க் போன வாரம் உயிரை விட்டிருந்தது.

"அடுத்த வியாழக்கிழமை அரையாண்டுப் பரீட்சைம்மா. கேள்வித்தாளு அடிக்கணும்" என்றார் டீச்சர். "அடிக்க முடியலன்னா யாராவது நின்னு வாசிப்பாங்க, புள்ளைங்க கேட்டு எழுதும். எல்லா எடத்துலயும் அப்பிடித்தான் செய்றாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. நீங்க பரீட்சை எழுதுனப்ப எத்தன தடவ கேள்விய திரும்பத் திரும்பப் படிச்சிருப்பீங்க? எங்க புள்ளைங்க மூணாவது தடவ வாசிக்கச் சொன்னா வாசிக்கிறவங்க மொகம் சுளிக்குறது கொரல்லயே தெரியும். அதுங்க நாலாவது தடவ கேக்காது. தெரிஞ்சதையும் விட்டுட்டு வந்துடும்."

அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் அலமாரியிலிருந்து எடுத்துவந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டினேன். அம்மாதிரிப் பெட்டிகளுக்குப் பெரிய டிஸ்க் கொடுத்தால் புரியாது. சின்னதாகத் தேடித்தான் கொண்டுபோயிருந்தேன். முதல் ஃப்ளாப்பியைப் போட்டேன். கர்ரென்று சுழன்று, திரையில் எழுத்து வந்தது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருந்ததால் பெட்டிக்கு நாள் கிழமை எதுவும் நினைவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருடம், ஜனவரி ஒன்றாம் தேதி, சரியா என்று கேட்டது. டீச்சரிடம் படித்துக் காட்டினேன்.

"எம்பதா? அப்ப எனக்குக் கண்ணு தெரியும்மா" என்றார் அவர். நான் தேதியை மாற்ற விசையைத் தட்ட ஆரம்பிக்க, "மாத்தாதீங்க, மாத்தாதீங்க, அப்பிடியே இருக்கட்டும்" என்று அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தார்.

முதல் ஃப்ளாப்பி வேலையை முடித்துவிட்டு இரண்டாவதைக் கேட்டது. இங்கேதான் சறுக்கல். கடலூர்க் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து என் இரண்டாவது ஃப்ளாப்பியில் பூஞ்சை பூத்திருந்தது. படிக்கவே இல்லை. என் லேப்டாப்பில் அந்த இரண்டாம் பகுதி பத்திரமாக இருந்தது. எழுதுவதற்கு ஒரு காலி ஃப்ளாப்பி மட்டும் வேண்டும். டீச்சர் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தார். போகும்போது, "அந்த டப்பாவுல எல்லாம் இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். திறந்தேன். இருபத்துமூன்று வெள்ளை லேபிள்கள். பயன்படுத்தாத ஃப்ளாப்பிகளை இவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறாரே என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டே நடுவிலிருந்து ஒன்றை உருவினேன். லேப்டாப்பில் இணைத்திருந்த என் டிரைவில் செருகி, எழுதச் சொன்னேன்.

டக், டக், டக் என்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. அரை நிமிடம் ஆகியிருக்கும். வராந்தாவில் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. டீச்சர் வாசலில் நின்றார்.

"என்னா பண்றீங்க?"

"ரெண்டாவது டிஸ்க் எழுதுறேன் டீச்சர்."

"படிக்கிற சத்தமா இருந்தா முன்னயும் பின்னயும் போயிட்டு வரும். இது படி ஏர்ற மாதிரி ஒவ்வொண்ணா போவுது. மொதல்லேருந்து எழுதுது. எந்த டிஸ்க்கு அது?"

"உங்க டப்பாவுல இருந்த காலி டிஸ்க்கு…"

"எங்கிட்ட காலி டிஸ்க்கே கெடையாதும்மா" என்றார்.

பொத்தானை அழுத்தி ஃப்ளாப்பியை வெளியே எடுத்தேன். அவர் கையை நீட்டினார், கொடுத்தேன். லேபிளின்மேல் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டினார். அப்போதுதான் நான் டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து, அதன் வெள்ளை லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேல் ஓரத்தில் பொடிப் பொடியாக மேடிட்ட புள்ளிகள். இருபத்துமூன்றிலும் இருந்தன.

"இதுல 'தமிழ்'னு எழுதியிருக்குதும்மா" என்றார் டீச்சர்.

தமிழ் பிரெய்ல் புரோகிராம் இருந்த டிஸ்க். இன்னொரு பிரதி செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ஃப்ளாப்பியில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் தொடக்கத்தில்தான் இருக்கும். அதைத்தான் நான் முதலில் அழித்திருந்தேன். பாதியில் நிறுத்தியதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் டிஸ்க்கைத் துடைத்து, அதனுடைய இடத்திலேயே திரும்பச் செருகினார். பிறகு, "சாப்பாட்டு மணி அடிச்சிட்டாங்க. வாங்க, சாப்பிடலாம்" என்றார்.

பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாம்பாரும் கோஸ் பொரியலும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சர், கரண்டியோடு வந்த அம்மாவிடம், "கடலூர்லேருந்து வந்திருக்காங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று இரண்டு தடவை சொன்னார். எதிர் வரிசையில் பிள்ளைகள், தொரை எப்போது பேசுவார், தொரைக்கு உடம்பு சரியாகிவிட்டதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்வரை அழுதேன். அதற்குப்பிறகு அழுவதில் சலிப்பு வந்து, யோசிக்க ஆரம்பித்தேன். அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் எங்கே என்று இரண்டு நாள் தேடினேன். டீச்சரிடமிருந்த பழைய தாளில் அச்சாகியிருந்த தொலைபேசி எண்ணில், எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ இந்தியில் கோபமாகப் பேசினார்கள். பாதி அழிந்த ஃப்ளாப்பியை மறுபடி வாங்கிவந்து மீட்புக் கருவிகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். துண்டு துண்டாக ஏதோ வந்தது, சேர்ந்து நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் டீ போட்டுக்கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பொதுவாக எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்கிறவர் அவர். அந்த மௌனமே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

மூன்றாம் நாள் டீச்சர் போன் செய்தார். குரலில் வருத்தமே இல்லை. "ஏம்மா, ரெண்டு காப்பி வெச்சிருந்தேன் ஒரு காலத்துல. இருவத்தி நாலு டிஸ்க்கு. ஒரு கோடை லீவு முடிஞ்சு எண்ணுனா இருவத்தி மூணுதான் இருக்குது. எங்கியோ நாந்தான் கைமறதியா வெச்சிட்டேன்னு அப்பவே விட்டுட்டேன். எதுக்கும் பழைய புள்ளைங்க எல்லாருக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கேன், வாட்ஸப்புல. யாராவது பாத்திருந்தா சொல்லுங்கடான்னு."

பழைய மாணவர்கள் எண்பது, தொண்ணூறு பேர் அந்தக் குழுவில் இருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு டீச்சர் நலமா, டீச்சர் சாப்பிட்டீங்களா என்ற குரல்கள்தான் வந்தனவாம். பிறகு தனியாக ஒரு குரல் வந்தது. டீச்சர் அதை எனக்கு அனுப்பி வைத்தார். பண்ருட்டியில் ஒரு அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவருடைய குரல். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பத்தாவது படிக்கிற பையன் மாதிரிப் பேசினார்.

"டீச்சர், திட்டாதீங்க. அந்த டிஸ்க்கு எங்கிட்டதான் இருக்குது. நான்தான் எடுத்தேன். எங்கம்மா ட்ரங்குப் பெட்டியில வெச்சிருக்காங்க."

அதைக் கேட்டுவிட்டு நான் கடையிலேயே, வாடிக்கையாளர் ஒருவர் நிற்கும்போதே, கைதட்டிவிட்டேன்.

உடனே அவருக்குப் போன் செய்து, டிஸ்க்கை வெயிலில் வைக்காதீர்கள், செல்போன் பக்கத்தில் வைக்காதீர்கள், காந்தம் எதுவும் அண்டக்கூடாது என்று ஒரு மருத்துவரைப்போல அறிவுரை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை நான் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். மடிப்பு கலையாத முழுக்கைச் சட்டை, கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், தோளில் ஒரு பை. டிபன் பாக்ஸுக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் கைக்குட்டையில் சுற்றிய ஃப்ளாப்பி. பையில் இரண்டு கிலோ முந்திரிப் பருப்பு. டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்துவிட்டு டீச்சருக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

"எதுக்குடா எடுத்த?"

"தெரியல டீச்சர்."

"உங்க வீட்டுல கம்ப்யூட்டர் இருந்துச்சா அப்ப?"

"கரண்டே இல்ல டீச்சர்." கட்டிய கையை அவிழ்த்துவிட்டுத் தொடர்ந்தார். "லீவுக்கு ஊருக்குப் போனா எனக்குப் படிக்க ஒண்ணும் இருக்காது. எங்க தங்கச்சி அவ புக்க எடுத்து வெச்சிக்கினு சத்தமாப் படிப்பா. இங்க நீங்க அந்த டிஸ்க்கப் போட்டாத்தான் தமிழ் வரும்னு எனக்குத் தெரியும். அது எங்கூட இருந்தா போதும்னு இருந்துச்சு. ராவுல கையில வெச்சிக்கினு அந்தப் பேர தடவிப் பாப்பேன். திருப்பி வெக்கணும்னுதான் நெனச்சேன். அப்புறம் பயமாப் போச்சு."

டீச்சர் எழுந்து, குரல் வந்த திசையில் இரண்டடி நடந்து, அவர் காதைப் பிடித்துத் திருகினார். மெதுவாகத்தான். பிறகு கையை எடுக்காமல் அப்படியே தலையைத் தடவினார். "இத்தன வருஷமா எனக்கு மறதி ஜாஸ்தின்னு என்னையே நான் திட்டிக்கினு இருந்தேன்டா" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் என் கண் டிபன் பாக்ஸ் மேலேயே இருந்தது.

கடையிலிருந்து புதிதாக எழுதிக்கொண்டுவந்த இரண்டாவது ஃப்ளாப்பியால் பெட்டியில் டாஸை முதலில் ஏற்றி முடித்தேன். பண்ருட்டி டிஸ்க்கில் ரசகற்பூர உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உலோக மூடியை நகர்த்திப் பார்த்தால், உள்ளே கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் பிறை வடிவில் வெண்பூஞ்சை. மேலுறையைப் பிரித்து, வட்டத்தை மட்டும் தனியே எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்து, என்னிடமிருந்த இன்னொரு நல்ல உறைக்குள் மாற்றினேன். கை நடுங்காமல் செய்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. என் லேப்டாப் டிரைவில் போட்டேன். சுழன்றது. பட்டியல் வந்தது! பதினோரு கோப்புகள். ஒவ்வொன்றாக நகலெடுக்கச் சொன்னேன். ஒன்று வந்தது, இரண்டு வந்தது, மூன்றாவதில் நின்றது. படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா என்று கேட்டது. முயன்றேன். மறுபடி. மறுபடி.

"அதே எடத்துக்கு வந்து வந்து திரும்புது" என்றார் டீச்சர். என் டிரைவ்மேல் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "டிரைவோட தல அழுக்காயிருக்கும், தொடச்சிப் பாருங்க."

துடைத்தேன். மூன்றாவதும் நான்காவதும் வந்தன. ஐந்தாவதில் மறுபடி முட்டியது. இந்தத் தடவை துடைத்தும் நகரவில்லை. அரைமணி நேரம் போனது. ஒவ்வொரு முயற்சியிலும் அந்த வட்டம் தேய்கிறதே என்று எனக்குள் பதற்றம் ஏறியது.

"ஏம்மா" என்றார் டீச்சர் திடீரென்று, "இந்த டிஸ்க்க நான் எழுதுனது இந்தப் பெட்டியிலதானே? இதோட டிரைவுலயே போட்டுப் பாத்தா என்னா? இது எழுதுனது இதுக்குப் புரியாமலா போவும்?"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு டிரைவின் தலையும் ஒரு மயிரிழை இப்படியோ அப்படியோ தள்ளி நிற்கும். ஒன்று எழுதியதை இன்னொன்று படிக்கத் தடுமாறுவது உண்டு. என் டிரைவ் புதிது என்பதால் அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய பெட்டியின் வாயில் ஃப்ளாப்பியைச் செருகினேன். கரகரவென்று ஒரு சத்தம், கிணற்றில் ராட்டினம் சுற்றுகிற மாதிரி. ஐந்தாவது கோப்பு வந்தது. ஆறு, ஏழு. ஒன்பதில் ஒரு தடவை தயங்கியது. டீச்சர் பெட்டியின் தலையில் தட்டிக்கொடுத்தார். பத்து. பதினொன்று. முடிந்தது என்று திரையில் வந்ததை நான் சொல்வதற்கு முன்பே, மோட்டார் நின்ற சத்தத்தில் இரண்டு பேரும் புரிந்துகொண்டு கத்தினார்கள்.

பேசும் பெட்டிக்கான டிஸ்க் டப்பாவில் நல்லபடியாக இருந்தது. எது என்று இந்த முறை டீச்சரைக் கேட்டுத்தான் எடுத்தேன். ஏற்றி முடித்துப் பெட்டியை அணைத்துப் போட்டதும், பத்து நாளாக வாய் திறக்காத அந்தக் கருவி, மூக்கில் சளி பிடித்த வெள்ளைக்காரர் குரலில், "ரெடி" என்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரே கூச்சல். எப்போது வந்து கூடினார்களோ, பள்ளிப் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கே நின்றிருந்தார்கள். "தொரை பேசிட்டாரு! தொரை பேசிட்டாரு!" என்று ஒரு கூட்டம் சமையலறைப் பக்கம் சொல்ல ஓடியது.

டீச்சர் உட்கார்ந்து ஏதோ தட்டச்சு செய்தார். பிரிண்டரில் தாள் கொடுத்தோம். அது ஓடிய சத்தத்தைக் கேட்டபோதுதான், பிள்ளைகள் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை என்று தெரிந்தது. மேசையிலிருந்த தம்ளர் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. தாளைக் கிழித்துப் பண்ருட்டிக்காரரிடம் கொடுத்தார். அவர் விரல்களை வைத்து உரக்கப் படித்தார்: "தொலைந்த வட்டைப் பல ஆண்டுகள் பாதுகாத்துத் தந்தமைக்குப் பள்ளி நன்றி தெரிவிக்கிறது. அடுத்த முறை கேட்டுவிட்டு எடுக்கவும்." கடைசி வரிக்கு வரும்போது அவர் குரல் உடைந்து, அது சிரிப்பாகத்தான் வெளியே வந்தது. அந்தத் தாளை நான்காக மடிக்கப் போனவர், புள்ளி நசுங்கிவிடும் என்று நினைத்து மடிக்காமல், பஸ்ஸில் மார்போடு அணைத்தபடியே எடுத்துக்கொண்டு போனார்.

அன்றே ஏழு பிரதிகள் எடுத்தேன். என் கடையில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, என் தங்கை வீட்டில் ஒன்று, இப்படி. ஒன்று முறைப்படி பண்ருட்டிக்கும் போனது. வியாழக்கிழமை நான் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் போனேன். பரீட்சை நடக்கும் அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றேன். யாரும் வாசிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. கெட்டித் தாளில் விரல்கள் ஓடுகிற சன்னமான சரசரப்பு மட்டும். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண், ஒரு கேள்வியை விரலால் படித்தாள், யோசித்தாள், மறுபடி படித்தாள். ஐந்து முறை எண்ணினேன். ஆறாவது முறை படித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

இப்போது அந்தப் பள்ளிக்குப் புதுப் பிரிண்டர் வந்துவிட்டது. புது லேப்டாப்போடு ஒத்துப்போகிறது. பழைய பெட்டியில் சின்னப் பிள்ளைகளுக்கான கதைகளை மட்டும் அச்சடிக்கிறார்கள். டீச்சர் சென்ற கோடையில் விருப்ப ஓய்வு பெற்று, சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள கிள்ளையில் தன் அக்கா வீட்டோடு இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கு வந்துவிடுகிறார் என்று கேள்வி. நான் அந்த டிசம்பரிலிருந்து பிரெய்ல் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆறு புள்ளிகள்தான், எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று ஒரு மாதத்தில் பாடமாகிவிட்டது. ஆனால் விரலுக்கு ஏறவில்லை. கண்ணால் பார்த்தே படித்துவிடுகிறேன். டீச்சரிடம் போனில் பேசும்போது அதைச் சொன்னதில்லை. நன்றாகப் படிக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் கடைக்குத் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. பிரெய்ல் கடிதத்துக்குத் தபால் தலை தேவையில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே மூன்று தாள்கள், முழுக்கப் புள்ளிகள். வீட்டுக்காரரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உள்ளறை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளிச்சம் சாய்வாக விழும்படி தாளைப் பிடித்து, புள்ளிகளின் நிழலைப் பார்த்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். முதல் வரி இப்படி இருந்தது:

"கண்ணைத் திறந்துகொண்டு படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மூடிக்கொண்டு, முதலிலிருந்து வாருங்கள்."

தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்ததில் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். தாளை மடியில் சமமாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலை இடது ஓரத்தில் வைத்தேன். முதல் எழுத்து 'க'. அடுத்தது எதுவென்று தெரிந்திருந்தும் விரலுக்குப் புரிய வெகுநேரம் ஆனது. இன்று ஏழாம் நாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறேன். அக்கா வீட்டில் ஒரு ஆடு குட்டி போட்டிருக்கிறது என்பதுவரை தெரிந்துவிட்டது. எத்தனை குட்டி என்று இன்னும் தெரியவில்லை.